ஒத்திகைக்காரி

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாளே வந்து, கம்பெனி கேட் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பியவள், எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் மூன்று பெண்கள் தங்கியிருந்த மாடி அறைக்கு அவள் நாலாவது ஆளாக வந்தாள். வந்து இறங்கிய மதியமே, சாமானைக்கூடப் பிரிக்காமல் புது ஷூவை மாட்டிக்கொண்டு, வழிகாட்ட என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கம்பெனி பஸ் எந்த இடத்தில் நிற்கும், எந்தப் பக்கக் கதவு திறக்கும், சோதனைக்குப் பையை எந்தக் கையால் நீட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்டில் இருந்த செக்யூரிட்டி அவளுடைய காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்குத்தானேம்மா உனக்கு?" என்றார்.

"தெரியும் சார். இன்னிக்கு சொம்மா வந்து பாத்துட்டுப் போலாம்னு."

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே அவளுக்கு 'ரிகர்சல்' என்று பெயர் வைத்துவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரையும் இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நான் இதற்கு நேர் எதிர். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து, யாரோ சொன்னார்கள் என்று ஒரே இரவில் பஸ் ஏறி வந்தவள். முதலில் செய்துவிடுவேன், வருத்தப்படுவதை அப்புறம் பார்த்துக்கொள்வேன். அதனாலேயே அவளைப் பார்க்க எனக்குச் சில நேரம் எரிச்சலாகவும், சில நேரம் கண்ணை எடுக்க முடியாமலும் இருந்தது.

அவள் லீவு கேட்கிற கதையைச் சொன்னால் போதும். நடையின் கோடியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை ஒன்று உண்டு. காலையில் அங்கிருந்து குரல் வரும். "சார், அத்தை பொண்ணுக்கு வளைகாப்பு சார்." முதலில் கெஞ்சல். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம். "சார், வளைகாப்பு, ஒரு நாள் லீவு ஓணும்." இது கறார். மறுபடி தண்ணீர். அப்புறம் கெஞ்சலுக்கும் கறாருக்கும் நடுவில் ஒன்று. வெளியே வாளியோடு நிற்கிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். எந்தக் குரலில் கேட்பது என்று அவள் முடிவு செய்வதற்குள் எங்கள் அசெம்பிளி லைனிலேயே வேறு ஒருத்தி போய்க் கேட்டு லீவை வாங்கிவிட்டாள். ஒரே லைனில் ஒரே நாளில் இன்னொரு ஆளை விடமாட்டார்கள். வளைகாப்புக்குப் போகாமல் ஷிப்டுக்கு வந்து நின்றவளிடம், "இப்ப என்னடி செய்யப் போற?" என்று கேட்டேன்.

"பரவால்ல. அடுத்த வாட்டிக்கு ஆவும்" என்றாள், சிரித்துக்கொண்டு.

அப்படிப்பட்டவளுக்குக் கண்டெய்னர் மேல் ஆசை வந்தது எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் பொருத்தமாகத்தான் படுகிறது. ஒரகடம் ரோட்டில் வரிசைகட்டி நிற்கிற லாரிக் கண்டெய்னர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருப்பது. அவள் டிப்ளமோ படித்தவள். லைனில் டெஸ்டிங் இடத்தில் நின்றாள். அங்கே ஒருநாள் திரை செத்துப்போய் லைனே நின்றுவிட்டது. சாப்ட்வேர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, கறுப்புத் திரையில் ஏதோ நாலு வரி அடித்தார். எல்லாம் திரும்ப எழுந்து வந்தது. மற்றவர்கள் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போனார்கள். இவள் மட்டும் அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். அன்று அறைக்கு வந்து, "நான் அந்தப் பக்கம் பூடணும்" என்றாள். எந்தப் பக்கம் என்று எங்களுக்கு விளங்கவே ஒரு வாரம் ஆனது.

பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் ஒன்று அவளிடம் இருந்தது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். சூடு தாங்காது என்பதால் குப்புறக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டின் மேல் வைத்து, என் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிடுவாள். நான் வியர்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அதில் பழைய சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாள். அதன் மேல் கண்டெய்னர்களை ஓட்டுகிற மென்பொருளைப் போட்டாள். வேலை தேடுவதற்கு முன்னால் கை பழகுவதற்கு ஒரு இடம் வேண்டும், உடைந்தால் யாரும் திட்டாத இடம் வேண்டும் என்பாள்.

"அப்படின்னா என்னன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு பாப்போம்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். உதடு அசைந்தது. சொல்லப்போவதை முதலில் தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. "நீ ஊர்லேர்ந்து வரசொல்ல இன்னா எடுத்துகினு வந்தே? பாய், பக்கெட்டு, தட்டு, டம்ளரு, கொஞ்சம் அரிசி. இந்த ரூம் இல்லேன்னா வேற எந்த ரூமுக்குப் போனாலும் உன் பொழப்பு ஓடும்ல? அதான். ஒரு சாப்ட்வேருக்கு இன்னா இன்னா ஓணுமோ அத்தனையும் அது கூடவே கட்டி வெச்சிடறது. எந்த மெஷின்ல இறக்குனாலும் ஓடும்."

எனக்குப் புரிந்துவிட்டது. அதிலிருந்து அந்தப் பெட்டிமேல் எனக்கும் ஒரு பாசம் வந்தது.

அவள் கட்டிய முதல் பெரிய சமாச்சாரம் எங்கள் அறையின் சமையல் முறை. யார் என்றைக்கு அடுப்படி, யார் என்றைக்குத் தண்ணீர் கேன் தூக்குவது என்று காட்டுகிற ஒரு பக்கம். பக்கத்தைக் காட்ட ஒரு கண்டெய்னர், எங்கள் பெயர்களை வைத்துக்கொள்ள ஒரு கண்டெய்னர். ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் பாதை போட்டுக் கொடுக்க வேண்டுமாம். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் துள்ளிய துள்ளலில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவளுடைய ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால் எங்கள் போனிலும் அந்தப் பக்கம் தெரியும். நாங்களும் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அதையே பார்க்கப் பழகிக்கொண்டோம்.

ஆனால் அவள் எதையும் கட்டி அப்படியே விட்டுவைக்கிற ஆள் இல்லை. கட்டியதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கட்டிப் பார்ப்பாள். ஒருநாள் அப்படி அழித்தபோது எங்கள் பெயர்கள், முறைகள் எல்லாம் சேர்ந்து போய்விட்டன. அன்று ராத்திரிச் சமையல் யாருடையது என்று பெரிய சண்டை. "நேத்து நான் பண்ணினேன்" என்று மூன்று பேரும் சத்தியம் செய்தோம். கடைசியில் யாரும் சமைக்கவில்லை, பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். அவளைத் திட்டித் தீர்த்தேன். அவளோ, "எல்லாமே பூட்சா? ஒண்ணுகூட இல்லியா?" என்று கண் மலரக் கேட்டாள். கண்டெய்னருக்குள் இருப்பது அதோடு போய்விடும், நிலைக்க வேண்டியதை வெளியே தனியாக வைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்ததாம். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே அதைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் சண்டைகூட அவளுக்கு ஒரு பாடமாகப் போனதில் எனக்குக் கடுப்புத்தான்.

நைட் ஷிப்டு வாரங்களில் பகலில் தூங்குவோம். வெளிச்சம் வராமலிருக்க ஜன்னலில் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டியிருந்தோம். அதில் சின்னதாக ஒரு ஓட்டை. மதிய வெயில் அது வழியாக வந்து எதிர்ச் சுவரில் ஒரு வட்டமாக விழும். கண்ணை மூடினால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். கை தானாக ஸ்க்ரூ முடுக்கும். பெங்களூர் ரோட்டு லாரிகளின் ஹாரன் எங்கேயோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். அந்த அரைத் தூக்கத்தில் அவள் தட்டுகிற சத்தமும் கலந்திருக்கும். தட், தட், தட், பிறகு நெடிய மௌனம், பிறகு ஒரு நீண்ட மூச்சு. கண்ணைத் திறந்து பார்த்தால் திரையின் வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தனியாக மிதந்துகொண்டிருக்கும். அது தூக்கத்தில் கண்டதா, விழித்துக் கண்டதா என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. அவள் அந்த அறையை விட்டுப் போன பிறகு பல மதியங்களில் அந்தச் சத்தம் கேட்காமல் நான் விழித்திருக்கிறேன். இப்போது அவளுடைய பழைய எண்ணுக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

அவள் அதிகமாக ஒத்திகை பார்த்த விஷயம் கண்டெய்னர் இல்லை. அவளுடைய அப்பா.

எங்கள் வேலை எல்லாமே காண்ட்ராக்ட். கெடு முடிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஊர். அங்கே ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் வீட்டில் அவளுக்குப் பேசி வைத்திருந்தார்கள். காண்ட்ராக்ட் முடிந்ததும் வந்துவிட வேண்டும், வந்ததும் கல்யாணம் என்று அப்பா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கெட்டவன் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. "அங்க போய்ட்டா இதெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்று லேப்டாப்பைக் காட்டுவாள். அவ்வளவுதான். காண்ட்ராக்ட் முடிவதற்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால் அப்பாவிடம் சொல்ல வாய் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

அதனால் நான் அப்பாவாக நடிக்க வேண்டியிருந்தது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலை அகட்டி வைத்து, "இன்னாம்மா சொல்றே?" என்று குரலைத் தடிப்பாக்குவேன். அவள் எதிரில் நிற்பாள். கையைப் பிசைவாள். வேலை, சம்பாத்தியம், தம்பி படிப்பு எல்லாம் கோர்வையாகச் சொல்வாள். நன்றாகவே சொல்வாள். கடைசி வரிக்கு வருவாள். "அதனால, அப்பா, நான்..." அதோடு நின்றுவிடும். "ஏய், சொல்லிட்டு முடியேண்டி!" என்று நான் துண்டை வீசுவேன்.

"இரு, இரு. மொதல்லேர்ந்து."

எத்தனை மொதல்லேர்ந்து! வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில்கூட நான் அப்பாவாக இருந்திருக்கிறேன். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், பொண்ண விடுங்க சார்" என்றார் என்னிடம். ஆட்டோவே சிரித்தது. ஆனால் அவள் அந்தக் கடைசி வரியைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. சிரித்து முடித்த பிறகு எனக்கு உள்ளுக்குள் பயமாக இருக்கும்.

காண்ட்ராக்ட் முடிகிற மாதம். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கண்டெய்னர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. காலையில் வீடியோவில் பேசுவார்கள். செய்ததைக் காட்டச் சொன்னாலும் சொல்வார்கள். அவளிடம் எல்லாம் தயாராக இருந்தது. முந்தின நாள் நானே கண்ணால் பார்த்தேன், சமையல் முறைப் பக்கம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை நைட் ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் எதுவும் இல்லாததால் விழிப்பு வந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் கிடந்தது.

"என்னடி?"

"அழிச்சிட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும். சுத்தமா மறுபடி எழுப்பினா மனசுக்குத் தெம்பா இருக்கும்னு. எப்பவும் கண்டெய்னரை மட்டுந்தான் அழிப்பேன். இன்னிக்கு அடியோட தொடைக்கிற கமாண்டைப் போட்டேன். அடியில இறக்கி வெச்சிருந்ததும் சேந்து பூட்ச்சு. மறுபடி நெட்டுலேர்ந்து இறக்கணும்." அப்புறம் சின்னக் குரலில், "என் டேட்டா காலையிலேயே தீந்துபோச்சு" என்றாள்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பரீட்சை எழுதப் போகிற வழியில், இன்னொரு தடவை அழகாக எழுதலாம் என்று ஹால் டிக்கெட்டைக் கிழிப்பார்களா? அவள் கிழிப்பாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை இரண்டு அறை அறையலாம் போலிருந்தது. அதற்கு நேரமில்லை. என் போனில் இருந்த டேட்டா நேர்காணலுக்கு வேண்டும் என்று அதைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, நைட்டியோடு வெளியே ஓடினேன்.

எங்கள் வரிசையில் பாதி அறைகள் நைட் ஷிப்டுத் தூக்கத்தில் இருந்தன. கதவு கதவாகத் தட்டினேன். "ஹாட்ஸ்பாட் போடுங்க, ஹாட்ஸ்பாட்!" என்று கத்தினேன். ஏதோ தீ விபத்து என்று நினைத்து ஒருத்தி பக்கெட்டோடு வந்தாள். கீழே ஒடிசாப் பையன்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் கண்ணைத் திறக்காமலே, இந்தா அக்கா என்கிற மாதிரி போனை நீட்டி, "லோ தீதி" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தான். ஜன்னல் கட்டையில் போன்களை வரிசையாகச் சாத்தி வைத்தோம். ஒன்றில் டேட்டா தீர்ந்ததும் அடுத்தது. தூக்கம் கலைந்த பெண்கள் தலையை அள்ளி முடிந்துகொண்டு சுற்றி நின்றார்கள். திரையில் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. யாருக்கும் அது என்னவென்று தெரியாது. ஆனாலும் ஒருத்தரும் போகவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான காலையை நான் பார்த்ததில்லை என்றே இன்றும் தோன்றுகிறது.

எழுந்துவிட்டது. அவர்கள் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால் பக்கம் எழுந்து வந்துவிட்டது. அவளை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் வெளியே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

நன்றாகத்தான் பேசினாள். காட்டச் சொன்னதைக் காட்டினாள். ஏன் அப்படி, ஏன் இப்படி என்று கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில் ஒரு பெண் குரல் கேட்டது. "ஒரு கஸ்டமரோட லைவ் சர்வர் நின்னுபோச்சு. அவங்க லைன்ல கத்திக்கிட்டு இருக்காங்க. முதல்ல என்ன செய்வீங்க?"

"அதே மாதிரி ஒண்ணு தனியா எழுப்பி, அதுல சரி பண்ணிப் பாப்பேன் மேடம்."

"நல்லது. அதுக்கு டைம் இல்லைன்னா?"

உள்ளே சத்தமே இல்லை. சொல்லுடி, எதையாவது சொல்லு என்று நான் கதவைப் பார்த்து உதட்டை அசைத்தேன். சற்றுக் கழித்து அந்தப் பெண் குரலே, "ஓகே, தேங்க் யூ" என்றது.

கதவைத் திறந்து உள்ளே போனதும், "நேரம் இல்லைன்னா நேரா கை வைப்பேன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"வைப்பனான்னு எனக்கே தெரியலியே" என்றாள்.

இல்லை என்று மரியாதையாக மெயில் வந்தது. அவள் அதை எங்களிடம் படித்துக் காட்டிவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தாள். அதற்குப் பிறகு அதைத் திறக்கவில்லை. என் ஃபேன் என் பக்கமே திரும்பி நின்றது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவளுடைய அப்பா வந்து நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் புதிதாக வாங்கிய ஒரு பெரிய பை. பையில் ஒன்றும் இல்லை. அவளுடைய சாமானைக் கட்டி எடுத்துப்போகத்தான் அது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான் நடித்த அப்பா மாதிரி அவர் கொஞ்சமும் இல்லை. குரலே எழும்பாத மனிதர். "நல்லா கீறியாம்மா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, மேல் படியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் யூனிபாரத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். கையெல்லாம் நுரை.

"இன்னாப்பா, ஒரு போன்கூட பண்ணாம..."

"காண்ட்ராக்ட் முடியுதேம்மா."

அவள் கையைப் பிசைவாள், வேலை, சம்பாத்தியம், தம்பி படிப்பு என்று ஆரம்பிப்பாள் என்று நான் காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை.

"அப்பா, நான் வரல" என்றாள். "வேலை கெடைக்கும்னு பாத்தேன், கெடைக்கல. இன்டர்வியூல கோட்டை வுட்டுட்டேன். காண்ட்ராக்ட்டும் முடியுது. கையில ஒண்ணும் இல்லப்பா. ஆனா நான் வரல."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். முழங்கையிலிருந்து நுரை சொட்டியது.

அப்பா பையின் காதை மடக்குவதும் விடுவதுமாக இருந்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாலாஜாபாத் தாண்டசொல்லவே ஆரம்பிச்சேன். 'துணிய எடுத்து வை, ஒரு பேச்சு பேசக் கூடாது'ன்னு கண்டிஷனா சொல்லணும்னு, வழியெல்லாம் சொல்லிப் பாத்துகினே வந்தேன். பக்கத்துல ஒக்காந்திருந்த ஆளு பயந்துகினு எழுந்து வேற சீட்டுக்குப் பூட்டான்." தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "நீ இப்புடி சொல்லுவேன்னு நெனைக்கல. இதுக்கு நான் ஒண்ணும் சொல்லிப் பாத்துகினு வரலியேம்மா."

அவள் ஈரக் கையோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி கையைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீ வைக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட மூன்று பேரும் ரோட்டுக்கு நடந்தோம். "மாப்ள வூட்ல இன்னாப்பா சொல்வே?" என்று அவள் கேட்டாள்.

"போவசொல்ல பஸ்ல சொல்லிப் பாத்துகினே போறேன்" என்றார்.

பஸ் வந்தது. ஏறப்போனவர் திரும்பி, காலிப் பையை அவள் கையில் கொடுத்தார்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும். வேலை கெடைச்சு வேற ரூமுக்குப் போவசொல்ல, சாமான் வெக்க ஓணும்ல" என்றார்.